என்ட காதுக்குள்ள ஆர் பம்ப் அடிக்கிறது?

த்ரீவீல் ஓடுறது எண்டா கண்ணால பாதி, காதால பாதி. முன்னால வாறதக் கண் பாத்துக்கொள்ளும். பின்னால வாற பஸ், பக்கத்தால நுழையிற மோட்டர் சைக்கிள், பின் சீட்டுக்குக் கீழ எஞ்சின் என்ன முனகுது, அந்த சீட்டுக்கு மேல புருசனும் பெஞ்சாதியும் எதுக்குக் கொழுவுப்படுகினம், இதெல்லாம் காதுட டிப்பார்ட்மென்ட். அப்பிடி உழைக்கிற காதில ஒண்டு, இடது காது, திடீரெண்டு சொந்தமா ஒரு தொழில் தொடங்கினா என்ன செய்வீங்க? எனக்குத் தொடங்கிட்டுது.

முதல் ஒண்டு சொல்லிப் போடுறன். நான் படிச்சவன் இல்ல. பள்ளிக்கூடத்தில நான் திறமாப் பாஸ் பண்ணினது மாஸ்டர்மாரைப் போலக் கதைச்சுக் காட்டுறதில மட்டும்தான். அந்தப் பழக்கம் இன்னும் விடேல்ல. கொழும்பில வீடு கொட்டாஞ்சேனை, ஓட்டோ ஸ்டாண்ட் வெள்ளவத்தை. ஆர் வண்டியில ஏறினாலும் சரி, அவை இறங்கி அடுத்த சந்தி வர முன்னம் அவையப் போலவே கதைப்பன். அடுத்தாப் போல ஏறுற ஆக்கள் அதைக் கேட்டுச் சிரிப்பினம். அவை இறங்கினாப் பிறகு அவையும் மாட்டுவினம். பஸ் கண்டக்டர், மீன்காரன், தண்ணி மோட்டர், கோயில் மணி, எல்லாம் இந்த வாய்க்குள்ள கிடக்கு. இந்தக் கதையில நான் பட்ட பாட்டில முக்காவாசி அந்த வாயாலதான்.

உங்களிலயும் ஆருக்காவது காதுக்குள்ள இதயம் வந்து குடியிருந்தா வாங்கோ, முன்னுக்கு என்னோட நெருக்கி இருங்கோ. மற்ற ஆக்கள் பின் சீட்டில இருந்து கேளுங்கோ. சிரிக்கலாம், குற்றமில்ல.

எஞ்சினைக் கழட்டின கதை

வெள்ளவத்தைச் சந்தியில சிவப்பு லைட்டில நிக்கிறன். உஷ்க்... உஷ்க்... உஷ்க்... ஆரோ சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி. திரும்பிப் பாத்தா சைக்கிளும் இல்ல, பம்பும் இல்ல. பச்சை விழுந்து ஓடத் தொடங்கினாச் சத்தம் அமுங்கிப் போகுது. அடுத்த லைட்டில நிண்டா, உஷ்க்... உஷ்க்... நீங்களா இருந்தா டொக்டரிட்டப் போயிருப்பீங்க. த்ரீவீல்காரன் எங்க போவான்? பாஸிட்டப் போவான். பாஸ் எண்டா மெக்கானிக். பாமன்கடைப் பக்கம் சுனில் பாஸ் எண்டு ஒரு மனுசன், நீளமான ஸ்குரூ ட்ரைவர் ஒண்ட எஞ்சினில குத்தி, பிடியக் காதில வச்சு, கண்ண மூடிக்கொண்டு கேட்டாரெண்டா உள்ளுக்க எந்தச் சாமானுக்கு வருத்தம் எண்டு சொல்லிப் போடுவார்.

மனுசன் ஸ்குரூ ட்ரைவர வச்சுக் கேட்டார். "மொனவத் நே அய்யே" எண்டார், ஒண்டும் இல்லையாம். நான் விடுவனே? சத்தம் இருக்குது பாஸ், வடிவாப் பாருங்கோ எண்டன். பிளக்கைக் கழட்டினார். கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினார். சைலன்சரைக் கழட்டி, கவுத்து, தட்டி, ஊதிப் பாத்தார். கராஜ் நிலத்தில என்ட வண்டி சந்தையில மரக்கறி பரப்பின மாதிரிக் கிடக்குது. கடைசியில எஞ்சினே இல்லாத வண்டிக்குள்ள நான் ஏறி இருந்துகொண்டு, "இந்தா, இப்பவும் கேக்குது!" எண்டன். சுனில் பாஸ் என்னைப் பாத்தார், கீழ பரப்பிக் கிடந்த எஞ்சினைப் பாத்தார், பிறகு அந்த ஸ்குரூ ட்ரைவரை எடுத்து ஆறுதலா என்ட மண்டையில, இடது காதுக்குப் பின்னால வச்சுக் காதக் குடுத்துக் கேட்டார். கேட்டுப்போட்டுச் சொன்னார்: "அய்யே, வண்டி ஓஃப். உங்களத்தான் ஓஃப் பண்ணத் தெரியேல்ல."

பிரஷர் குக்கருக்குப் பிறகு

சரி, சத்தம் வண்டியில இல்ல, என்னிலதான் எண்டு விளங்கிட்டுது. வீட்ட போய் என்ட மனுசி வசந்தியிட்டச் சொன்னன். அவ குசினிக்குள்ள நிக்கிறா. "வசந்தி, என்ட காதுக்குள்ள ஒரு சத்தம்." "என்ன சத்தம்?" அங்கதான் பிழைச்சுப் போச்சு. என்ன சத்தம் எண்டு கேட்டா என்னால வாயாலச் சொல்ல ஏலாது, செய்துதான் காட்டத் தெரியும். உதட்டக் குவிச்சு, தொண்டையில கொஞ்சம் காத்த வச்சு, செய்தன். உஷ்க்... உஷ்க்... உஷ்க்... அப்பிடியே அச்சு.

நீங்க வசந்தியில குற்றம் சொல்லாதேங்கோ. கொஞ்ச நாளைக்கு முதல்தான் நான் சும்மா இருந்து தண்ணி மோட்டர் சத்தம் போட, டாங்கி நிரம்பி வழியுதாக்கும் எண்டு அவ மொட்டை மாடிக்கு ஓடினவ. அதுக்குப் பிறகு நான் பிரஷர் குக்கர் மாதிரி விசிலடிக்க, அடுப்பில குக்கரே இல்லாம அடுப்ப நூத்தவ. இப்ப நான் நெஞ்சில கைய வச்சு, உண்மையாத்தான், பகிடி இல்ல, என்னை நம்பு எண்டு நிக்கிறன். அவ தலையச் சரிச்சுக் கடைசி வரைக்கும் கேட்டா. பிறகு ஒரு பாதித் தேங்காய என்ட கையில தந்தா: "நல்லா இருக்கு, குக்கரை விட இது திறம். இப்ப இதத் துருவித் தாங்கோ."

பின் சீட்டு டொக்டர்மார்

வீட்டில நம்பேல்ல எண்டா ரோட்டில சொல்லுவம். உங்களுக்குச் சொல்றன், ஒரு வருத்தத்த மட்டும் த்ரீவீலில ஏறுற ஆக்களிட்டச் சொல்லிப் போடாதேங்கோ. கொழும்பில பின் சீட்டில இருக்கிற எல்லாரும் டொக்டர்தான். ஹெவ்லொக் டவுனில ஒரு அங்கிள், கொம்பனியில பெரிய உத்தியோகம் பாத்து பென்ஷன் எடுத்தவர், குடைய நிலத்தில ஊண்டிக்கொண்டு சொல்றார்: "ஐசே தம்பி, திஸ் இஸ் வாயு. உருளைக்கிழங்க நிப்பாட்டும்." நான் உருளைக்கிழங்க நிப்பாட்டினன். அடுத்தது ஒரு அக்கா, வெங்காயச் சாறு விடச் சொன்னா. விட்டன். பிறகு ஒரு உம்மா, "மகன், கருஞ்சீரக எண்ணெய் ஊத்துங்க, மௌத்தத் தவிர எல்லாத்துக்கும் மருந்து" எண்டா, மௌத்து எண்டா சாவு. ஊத்தினன். ஸ்டாண்டில எனக்கு அடுத்த வண்டி நௌஷாத், அவனும் விடேல்ல: "மச்சான், சுடு தண்ணில ஆவி புடி, எனக்கி அதுலதான் சுகமாகின." அவனுக்கு வந்தது மூக்கடைச்ச தடிமன். எண்டாலும் பிடிச்சன். வசந்தியும், நான் பகிடிக்குச் செய்யிறன் எண்டு நினைச்சுக்கொண்டே, ஒரு காவலுக்கு உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய் விட்டவ.

சத்தம் அசையேல்ல. இப்ப ஈரத்துக்குள்ள பம்ப் அடிக்கிற மாதிரிக் கேக்குது. கடைசியில சனல் பண்ணி, அதான் தனியார் ஆஸ்பத்திரியில காசு கட்டி நம்பர் எடுத்து, ஒரு காது டொக்டரிட்டப் போனன். சின்னப் பெடியன், கண்ணாடி போட்டவர். காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தார். பாத்துக்கொண்டே நிண்டார். மூக்கக் கிட்டக் கொண்டுவந்து மணந்தும் பாத்தார். பிறகு கதிரையில சாஞ்சுகொண்டு சொன்னார்: "வெங்காயம் இருக்கு, உள்ளி இருக்கு, எண்ணெயும் இருக்கு. தாளிக்கக் கடுகு மட்டும்தான் காணேல்ல."

மெழுகுதிரி

அந்தச் சின்ன டொக்டர் காத வடிவாக் கழுவி, "டென்ஷனா இருக்கும், யோசியாதேங்கோ, எதுக்கும் காது டெஸ்ட் ஒண்டு செய்துகொண்டு வாங்கோ" எண்டு அனுப்பிவிட்டார். யோசியாதேங்கோ எண்டு சொன்னா ஆர்தான் யோசியாம இருப்பினம்? செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனன். நாங்க சைவம்தான், ஆனா கொட்டாஞ்சேனையில பிறந்தவனுக்கு வில்லங்கம் வந்தா அந்தோனியாரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லி வைக்கிறதுதான் வழக்கம். வாசலில மெழுகுதிரி விக்கிற அம்மா, பெரிசு வேணுமோ சின்னது வேணுமோ எண்டு கேட்டா. காதுக்கு நேத்தி வைக்க வந்தனான் எண்டன். எந்தக் காது எண்டா. இடது காது மட்டும்தான் எண்டன். அவ பெரிய திரியத் திருப்பி வச்சிட்டா: "ஒரு காதுக்குத்தானே மகன், சின்னதே காணும்."

போன் இல்லாத கோல்

இதுக்கிடையில நான் ஒரு கண்டுபிடிப்புச் செய்திட்டன். இடது காதுக்குக் கீழ, கழுத்தில, நாடி துடிக்கிறதுக்குப் பக்கத்தில ஒரு இடத்தில விரல மெல்லமா அமத்தினாச் சத்தம் டக்கெண்டு நிக்குது! விரல எடுத்தா, உஷ்க்... வச்சா, கப்சிப். ரேடியோவுக்கு சுவிட்ச் கிடைச்ச சந்தோசம் எனக்கு. வலது கை அக்சிலேட்டரில, இடது கை கழுத்தில, அப்பிடியே காலி வீதியில ராசா மாதிரி ஓடிக்கொண்டு வாறன். ஒரு பொலிஸ்காரர் கையக் காட்டி மறிச்சிட்டார்.

சிங்களத்திலதான் கேட்டார், நான் தமிழில சொல்றன். "போனில கதைச்சுக்கொண்டு ஓடுறியா? போன எடு." "போன் இல்ல சேர், காது." "காத ஏன் பிடிச்சுக்கொண்டு ஓடுறாய்?" "உள்ளுக்க சத்தம் சேர். கழுத்த அமத்தினா நிக்கும்." "என்ன சத்தம்?" என்ட வாய் சும்மா இருந்திருக்கலாம். செய்து காட்டிட்டன். பொலிஸ்காரர் சிரிக்கேல்ல. சீட்டுக்குக் கீழ பாத்தார், டாஷ்போட்டப் பாத்தார், என்ட சட்டைப் பொக்கட்டத் தடவினார். போன் பின்னுக்கு பேக்குக்குள்ள, அதுவும் சார்ஜ் இல்லாமச் செத்துக் கிடக்குது. "அப்ப கோல் எடுத்தது ஆர்?" எண்டார். "என்ட இதயம் சேர்" எண்டன். லைசனைத் திருப்பித் தந்துபோட்டுச் சொன்னார்: "அப்பிடியெண்டா ஹேண்ட்ஸ்ஃப்ரீயில போட்டுக் கதை. ரெண்டு கையும் வண்டியில இருக்கோணும்."

கண்ணாடிப் பெட்டி

காது டெஸ்ட் எண்டா ஒரு சின்ன அறை, கண்ணாடி போட்டது. உள்ளுக்கப் போய்க் கதவச் சாத்தினா உலகமே செத்துப் போன மாதிரி. த்ரீவீல்காரனுக்கு அது எவ்வளவு பயம் தெரியுமே? ஹோர்ண் இல்ல, பஸ் இல்ல, "அண்ணை எவ்வளவு?" எண்டு ஆரும் கேக்கேல்ல. காதில பெரிய ஹெட்போன் ஒண்ட மாட்டிப்போட்டு, ஒரு பிள்ளை கையில பட்டன் ஒண்டத் தந்தா. "மெல்லிய சத்தம் வரும் அண்ணை. கேக்கிற நேரம் எல்லாம் அமத்துங்கோ. விடக்கூடாது" எண்டு சொல்லிக் கண்ணாடிக்கு அங்கால போய் இருந்தா.

அமைதி எண்டாத்தானே என்ட ஆளுக்குக் கொண்டாட்டம். உஷ்க், அமத்தினன். உஷ்க், அமத்தினன். உஷ்க், உஷ்க், உஷ்க். நான் விடேல்ல, பெருவிரல் நோக நோக அமத்துறன். எனக்குச் சரியான பெருமை. பள்ளிக்கூடத்தில ஒரு சோதனையிலயும் நான் இப்பிடி வெளுத்து வாங்கினதில்ல. கண்ணாடிக்கு அங்கால அந்தப் பிள்ளை என்னைப் பாக்கிறா, மெஷினைப் பாக்கிறா, பிறகும் என்னைப் பாக்கிறா. எழும்பி வந்து கதவத் திறந்து, ஹெட்போன ஒரு பக்கம் தூக்கிச் சொன்னா: "அண்ணை, நான் இன்னும் மெஷினைப் போடவே இல்லை."

வாயப் பொத்தினது

டெஸ்டில காது ரெண்டும் நல்லாக் கேக்குது எண்டு வந்திட்டுது. நல்லாக் கேக்கிறதுதானே வில்லங்கம்! அந்தப் பிள்ளைதான், இது டென்ஷன் மாதிரித் தெரியேல்ல அண்ணை, பெரிய டொக்டர் ஒருத்தரிட்டக் காட்டுங்கோ எண்டு சொல்லிவிட்டா. பெரிய டொக்டர் எண்டா ஒரு அம்மா, வயசானவ, சத்தமே போடாமக் கதைப்பா. இந்த முறை வசந்தியும் வந்தவ. என்னில அக்கறையில வரேல்ல, டொக்டருக்கு முன்னால நான் கூத்தாடாம இருக்கோணும் எண்டு காவலுக்கு வந்தவ.

டொக்டர் என்ட மணிக்கட்டப் பிடிச்சா. "நீங்க எனக்குச் சத்தம் செய்து காட்ட வேண்டாம். காதில கேக்கிற நேரம் மேசையில தட்டுங்கோ, காணும்" எண்டா. தட்டினன். டொக், டொக், டொக். அவ நாடியப் பிடிச்சுக்கொண்டு கண்ண மூடிக்கொண்டு இருந்தா. "உங்கட நாடியும் இந்தத் தட்டும் ஒண்டாத்தான் போகுது" எண்டா. பிறகு ஸ்டெதஸ்கோப்ப எடுத்து என்ட காதுக்குப் பின்னால வச்சா. சுனில் பாஸ் ஸ்குரூ ட்ரைவர் வச்ச அதே இடம்! கனநேரம் கேட்டா. கழுத்தில விரல வச்சா, எடுத்தா, வச்சா. "ஓம், எனக்கும் கேக்குது" எண்டா. நான் அழுதிருப்பன். எஞ்சினைக் கழட்டினதில இருந்து ஒரு சீவன் கூட என்னை முழுசா நம்பேல்ல, இந்த அம்மா அதக் காதாலயே கேட்டிட்டா.

வசந்தி எழும்பினா. "டொக்டர், நானும் ஒருக்காக் கேக்கலாமோ?" டொக்டர் ஸ்டெதஸ்கோப்ப அவவுட காதில மாட்டி, என்ட காதுக்குப் பின்னால வச்சுப் பிடிச்சா. வசந்தி கேட்டா. புருவத்தச் சுருக்கினா. பிறகு, சத்தியமாச் சொல்றன், ஒரு கையால என்ட வாயப் பொத்தினா. காணாதெண்டு ரெண்டு விரலால மூக்கையும் பிடிச்சா. எனக்கு மூச்சு முட்டுது, முகம் கறுக்குது, அவ விடேல்ல, கேக்கிறா. உள்ளுக்க அவன் அடிக்கிறான், உஷ்க், உஷ்க், உஷ்க். மூச்சு முட்டினதால இன்னும் வேகமா அடிக்கிறான். வாயில இருந்து கைய எடுத்துச் சொன்னா: "டொக்டர், இது இவர் செய்யேல்ல."

ஃபிளட் கட்டுற சத்தம்

அதுக்குப் பிறகு பெரிய டொக்டர் மறைக்காமச் சொன்னா. கனபேருக்கு இது பயமில்லாத சாமானாம், ரத்தம் ஓடுற சத்தம் காதுக்குள்ள கேக்கிறதாம். சிலபேருக்கு மட்டும் தலைக்குள்ள ரத்தக் குழாய் ரெண்டு பிழையா ஒண்டோட ஒண்டு பொருந்தி இருக்குமாம், அது எப்பவாவது வெடிச்சா மூளைக்குள்ள ரத்தம் போகுமாம். எது எண்டு ஸ்கேன் எடுத்துத்தான் சொல்லலாம். "அது வரைக்கும் கழுத்த அமத்திற விளையாட்ட விடுங்கோ" எண்டா. வீட்டுக்குப் போற வழியெல்லாம் வெடிக்கிறது எண்ட சொல் எனக்கும் வசந்திக்கும் நடுவில ஒரு ஆள் மாதிரி சீட்டில இருந்துகொண்டு வந்தது.

ஸ்கேன் எண்டா ஒரு குழாய். ஆளைப் படுக்கப் போட்டு, தலையக் கூட்டுக்குள்ள வச்சு உள்ளுக்குத் தள்ளுவினம். பயங்கரச் சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அசைய வேண்டாம் எண்டு அந்த மெஷினைப் பாக்கிற தம்பி சொன்னார். தொடங்கிச்சுது. டொக் டொக் டொக் டொக்! ட்ரீஈஈஈ! கடகடகடகட! எனக்கெண்டா பழகின சத்தம். எங்கட ஸ்டாண்டுக்குப் பக்கத்தில மாடி மாடியா ஃபிளட் கட்டுறாங்கள். ஒண்டு முடிய மற்றது, அது முடிய அடுத்தது. மத்தியானம் சாப்பிட்டுப் போட்டு அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலதான் நான் வண்டிக்குள்ள கால நீட்டிப் படுக்கிறனான். அதோட இன்னொரு விசயம். அந்த மெஷின் போட்ட சத்தத்தில என்ட ஆள்ட பம்ப் கேக்கவே இல்ல! கன நாளுக்குப் பிறகு காதுக்கு ஆறுதல். சொக்கிப் போனன்.

வெளியில இழுத்தாப் பிறகுதான் முழிப்பு வந்தது. அந்தத் தம்பி படத்தக் காட்டிச் சொன்னார்: "அண்ணை, குறட்டைல தலை ஆடி உங்களுக்கு ரெண்டு தலை விழுந்திருக்கு. திரும்பவும் எடுக்கோணும், இந்த முறை முழிச்சிருங்கோ."

பகிடிக்காரர் வரேல்ல

ரிசல்ட் வரும் வரைக்கும் நான் என்ன மாதிரி இருந்தன் எண்டு சொல்லத் தெரியேல்ல. வண்டி ஓடினன். ஆனா ஒவ்வொரு உஷ்க்குக்கும், இதுதானோ அது, இதுதானோ அது எண்டு உள்ளுக்க ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்குது. ஆக்கள் ஏறினம், இறங்கினம், ஒருத்தர்ட குரலையும் வாய் பிடிக்கேல்ல. மீன்காரன் கத்திக்கொண்டு போனான், நான் பதிலுக்குக் கத்தேல்ல, அவன் திரும்பிப் பாத்திட்டுப் போனான். நௌஷாத் ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து தந்துபோட்டு, ஒண்டும் கேக்காம என்ட வண்டிக் கண்ணாடியத் துடைச்சுக்கொண்டு நிண்டான். அவன் அப்பிடிச் செய்யிற ஆள் இல்ல. என்ட கண்ணாடியில ஊத்தை இருக்கு எண்டு பகிடி பண்ணுற ஆள்.

ராமகிருஷ்ணா ரோட்டுப் பக்கம் ஒரு ரீச்சர் இருக்கிறா. கிழமைக்கு ஒருக்கா என்ட வண்டியிலதான் மார்க்கெட்டுக்குப் போறவ. கண் பார்வை கொஞ்சம் குறைவு. அண்டைக்கும் ஏறினா. நான் ஒரு சத்தமும் இல்லாமக் கொண்டுபோய், மார்க்கெட் வாசலில நிப்பாட்டி, பையத் தூக்கிக் குடுத்தன். அவ என்ட முதுகையும் தலையையும் ஒருக்கா உத்துப் பாத்தா. "தம்பி," எண்டா, "வழமையா இந்த வண்டி ஓடுற பகிடிக்காரர் இண்டைக்கு வரேல்லையோ?"

மெல்லிய சுவர்

ரிசல்ட்டுக்கு நானும் வசந்தியும் போனம். பெரிய டொக்டர் படத்த வெளிச்சத்தில போட்டா. என்ட தலையாம். உள்ளுக்க இவ்வளவு சாமான் இருக்குதெண்டு எனக்கே தெரியாது. வசந்தி என்ட கையப் பிடிச்சிருந்தா, இந்த முறை வாயில இல்ல. "அந்தப் பிழையான சாமான் இல்லை" எண்டா டொக்டர், முதல் சொல்லே அதுதான். வசந்தி பிடிச்ச பிடியில என்ட விரலெல்லாம் நொறுங்கிச்சுது. "இஞ்ச பாருங்கோ, காதுக்குப் பின்னால ஒரு பெரிய நாளம் போகுது. அதுக்கும் காதுக்கும் நடுவில ஒரு எலும்பு இருக்கோணும். உங்களுக்கு அந்த எலும்பு இந்த இடத்தில தேஞ்சு மெல்லிசாப் போயிருக்கு. அதால அங்கால ரத்தம் ஓடுற சத்தம் இஞ்சால கேக்குது."

எனக்குப் படிப்பு இல்ல, ஆனா இது விளங்கிட்டுது. "டொக்டர், எங்கட கொட்டாஞ்சேனை வீடும் இப்பிடித்தான். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில ஒரு பலகைச் சுவர். அவை டீவில நாடகம் பாத்தா, இஞ்சால வசந்தி அழுவா. அவை கருவாடு பொரிச்சா நான் சோறு போட்டுக்கொண்டு இருப்பன்." அந்தச் சத்தம் போடாத மனுசி சத்தமாச் சிரிச்சா. தாங்கேலாமப் போனா அந்த இடத்த அடைச்சுப் பூசலாமாம், அது ஒப்பரேஷனாம், இப்ப அவசரம் இல்லையாம், இடைக்கிடை வந்து காட்டினாச் சரியாம். நாங்க எழும்பேக்க திரும்பவும் சொன்னா: "பயப்படாதேங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுசன். சுவர்தான் மெல்லிசு."

வீட்டுக்குப் போற ஹயர்

வெளியில வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணினன். எஞ்சின் பூப்போல. சுனில் பாஸ் கழட்டிக் கழுவினதுதானே, அந்தச் செலவில எஞ்சினாவது சுகமாயிட்டுது. வசந்தி பின் சீட்டில. ஏறுற சவாரிய நாங்க ஹயர் எண்டுதான் சொல்றது, அண்டைக்கு அவதான் ஹயர். மருதானைச் சந்தியில சிவப்பு லைட். கன நாளுக்குப் பிறகு என்ட வாய் தன்ட பாட்டில திறந்தது: "பயப்படாதேங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுசன்." அப்பிடியே பெரிய டொக்டர்ட குரல், அந்த மெல்லிசு, அந்த நிதானம், எல்லாம். பக்கத்தில நிண்ட த்ரீவீலில ஒரு பொம்பிளை கதைச்ச பொம்பிளை எங்க எண்டு எட்டிப் பாத்தா. கண்ணாடியில பாத்தன், வசந்தி சேலைத் தலைப்பால கண்ணத் துடைச்சுக்கொண்டு சிரிக்கிறா.

"டொக்டர விடுங்கோ," எண்டா, "அந்தச் சத்தத்த ஒருக்காச் செய்யுங்கோ பாப்பம்." முதல் நாள் தேங்காயத் தந்த மனுசி இப்ப தானாக் கேக்கிறா! நான் விடுவனே? உதட்டக் குவிச்சன், தொண்டையில காத்த வச்சன், காதுக்குள்ள அவன் அடிக்கிற அடிக்கு அடி சரியாச் சேத்துச் செய்தன். உஷ்க்... உஷ்க்... உஷ்க்... வசந்தி முன்னுக்குச் சாஞ்சு, தலையச் சரிச்சு, ஸ்டெதஸ்கோப்பில கேட்ட ஆள் எண்ட திமிரில கடைசி வரைக்கும் கேட்டா. பச்சை விழுந்திட்டுது, பின்னால ஹோர்ண் அடிக்கிறாங்கள், அவவுக்கு அவசரமில்ல. பிறகு சீட்டில சாஞ்சுகொண்டு தீர்ப்புச் சொன்னா: "காணாது. உள்ளுக்க இருக்கிறவர் உங்கள விடத் திறமாச் செய்யிறார்."

காசும் குடுக்காம, இறங்கிற இடமும் சொல்லாம என்ட காதில ஏறி இருக்கிற இந்த ஒரு ஹயரை நானும் இறக்கிவிடப் பாக்கேல்ல, ஏனெண்டா அவர் இறங்கிற இடத்தில வண்டிக்காரனும் சேர்ந்துதான் இறங்கோணும்.